சிறிய ஸ்போர்ட்ஸ் காரும் உயரமான ஓட்டுநரும்: தமிழகத்தில் பழைய கார்களின் வரலாறு

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் இருவர் மட்டும் அமரக்கூடிய, தரையோடு தாழ்ந்த, எடை குறைந்த காரைக் குறிக்கும். நேர்ச்சாலையில் இவற்றின் வேகம் பல சமயம் சாதாரணமானதே. வளைவுகளில் சட்டென்று திரும்புவதும், ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உடனே பதில் சொல்வதுமே இவற்றின் கவர்ச்சி. பிரிட்டனின் எம்.ஜி. நிறுவனம் 1929 முதல் விற்ற 847 சி.சி. மிட்ஜெட் இவ்வகைக் கார்களைச் சாதாரண சம்பளக்காரருக்கும் எட்டக்கூடியவையாக ஆக்கியது. அன்று முதல் இன்று வரை இக்கார்களுடன் ஒட்டிக்கொண்டே வரும் ஒரு சிக்கல் உண்டு. உயரமானவர்கள் இவற்றில் உட்கார முடிவதில்லை.

தமிழகத்தில் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது செகண்ட் ஹேண்ட் கார்தான். புதிய காரை வாங்குபவர் தனக்குப் பொருந்தும் மாதிரியைத் தேடலாம், வேண்டிய இருக்கையைக் கேட்கலாம். பழைய காரை வாங்குபவர் யாரோ விட்டுச்சென்ற காருக்குள் தன் உடலை நுழைக்க வேண்டும். அது முடியாதபோது காரை அறுத்தும் வளைத்தும் ஒட்டியும் தன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சோழவரம் பந்தய மைதானத்திலிருந்து கோயம்புத்தூர் பட்டறைகள் வரை நீளும் தமிழக மோட்டார் பந்தய வரலாற்றின் பெரும்பகுதி இத்தகைய மாற்றியமைத்தலின் வரலாறாகும்.

உடலின் கணக்கு

ஒருவர் காரில் பொருந்துவாரா என்பதை அவரது மொத்த உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உடற்பகுதி நீளமாகவும் மற்றவருக்குக் கால்கள் நீளமாகவும் இருக்கலாம். உடற்பகுதி நீண்டவரின் தலை கூரையில் இடிக்கும். கூரை இல்லாத காரிலோ முன்கண்ணாடியின் மேல்சட்டம் அவரது கண்ணுக்கு நேராக வந்து சாலையை மறைக்கும். கால் நீண்டவருக்குத் தலை தப்பிவிடும். முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டும்.

அம்பாசடர் போன்ற காரில் ஓட்டுநர் நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து உட்காருகிறார். கால்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கை ஏறத்தாழ தரையிலேயே இருப்பதால் கால்கள் முன்னோக்கி நீள வேண்டும், முதுகு பின்னோக்கிச் சாய வேண்டும். அதாவது உயரத்தில் மிச்சப்படுத்திய இடத்தை நீளத்தில் செலவிட வேண்டும். ஆனால் சிறிய காரில் நீளமும் குறைவு. முன்னால் எஞ்சினும் சக்கரங்களின் வளைவும் பெடல்களுக்கான பள்ளத்தைக் குறுக்குகின்றன. நடுவே கியர்பாக்ஸ் மேடு. பின்னால் பெட்ரோல் டேங்க்கும் தகட்டுச் சுவரும். இருக்கையின் தண்டவாளம் அந்தச் சுவரில் போய் நின்றுவிடும். அதன் பிறகு ஒரு விரற்கடை கூட நகராது.

ஒரு வடிவமைப்பாளர் யாரை மனத்தில் வைத்துக் கார் வரைகிறார் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தெளிவான பதில் இருந்ததில்லை. பல கார்கள் அவற்றை வரைந்தவரின் உடலுக்கோ சோதனை ஓட்டுநரின் உடலுக்கோ பொருந்தும்படி அமைந்தன. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் 1955 இல் வெளியிட்ட நூலில் ஜோ, ஜோசஃபைன் என்ற இரு உருவங்களை வரைந்து மனித உடல் அளவுகளை முறைப்படுத்தினார். 1962 இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் இருக்கையில் வைத்து இடுப்பு மூட்டின் இடத்தை அளக்கும் பொம்மைக் கருவிக்கு ஜே826 என்ற தரநிலையை வகுத்தது. பின்னர் 100 ஆண்களில் 95 பேருக்குப் பொருந்தினால் போதும் என்ற வழக்கம் உருவாயிற்று. மேலைநாட்டு அளவில் இது ஏறத்தாழ 188 செ.மீ. உயரம். எஞ்சிய ஐந்து பேரைப் பற்றித் தரநிலைகள் அதிகம் கவலைப்படவில்லை.

2016 இல் வெளியான உலகளாவிய உயர ஆய்வின்படி இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ.; நெதர்லாந்து ஆண்களுக்கு அது 182.5 செ.மீ. இந்தக் கணக்கைப் பார்த்தால் ஐரோப்பியரின் பழைய கார் தமிழருக்குத் தாராளமாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆறடியைத் தாண்டிய இந்தியர்களும் உண்டு. ஐரோப்பியரிலேயே உயரமானவர்களை மறந்த கார்கள் அவர்களுக்கு மட்டும் இடம் வைத்திருக்கவில்லை.

எம்.ஜி. முதல் ஸ்பிட்ஃபயர் வரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவிய முதல் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி. டி.சி. ஆகும். 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 கார்கள் உருவாயின. எஞ்சின் 1250 சி.சி. எல்லாமே வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை என்பதால் இந்தியச் சாலைக்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. டி.சி.யின் கதவு முழங்கை உயரத்தில் வெட்டப்பட்டிருக்கும். முன்கண்ணாடியை மடித்து முன்னால் படுக்க வைக்கலாம். இந்த இரண்டும் அழகுக்காக என்று பலர் எண்ணுவர். உண்மையில் தோளும் தலையும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவர்க்கு அவையே இடமளித்தன. மழையில் துணிக்கூரையை இழுத்து மூடியதும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

1958 இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டும், 1961 இல் அதன் உடன்பிறப்பாக வந்த புதிய எம்.ஜி. மிட்ஜெட்டும் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குலம் மட்டுமே கொண்டவை. 1957 இல் தோன்றிய லோட்டஸ் செவன் இன்னும் கறாரானது. அதன் பெடல் பள்ளம் மிகக் குறுகலானதால் அகலமான ஷூ அணிந்தவர் ஒரே காலில் இரண்டு பெடல்களை மிதித்துவிடுவார். மெல்லிய அடிப்பாகம் கொண்ட குறுகிய ஷூவுடன் ஓட்டுவது இக்கார் வைத்திருப்போரிடையே இன்றும் வழக்கம்.

இறக்குமதித் தடையும் ஏலமும்

சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் கார்கள் இறக்குமதியாகவும், பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவையாகவும் விற்கப்பட்டன. 1953 இல் கட்டணக் குழுவின் பரிந்துரையை ஏற்ற அரசு, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. எஞ்சிய சில நிறுவனங்கள் குடும்பக் கார்களை மட்டும் தயாரித்தன. இருவர் அமரும் காரைத் தயாரிப்பது, அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டில் யாரும் அனுமதி கேட்கத் துணியாத ஆடம்பரம்.

ஆகவே அதன்பின் இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்த வழிகள் மிகச் சில. நீலகிரி, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளின் பிரிட்டிஷ் தோட்டத் துரைமார் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனவை ஒரு வகை. சமஸ்தான அரண்மனைகளின் கொட்டகைகளிலிருந்து வெளிவந்தவை இன்னொரு வகை. வெளிநாட்டுத் தூதரக அலுவலர்கள் தம் பயன்பாட்டுக்கு வரியின்றிக் கொண்டுவந்த கார்களை அரசு வணிகக் கழகம் வழியாகவே கைமாற்ற வேண்டியிருந்தது. அக்கழகம் அவற்றை ஏலத்தில் விட்டது. இந்த ஏலங்களில் நிறத்தையோ மாதிரியையோ தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. வந்தது என்னவோ அதை எடுக்க வேண்டும்.

இதன் விளைவு ஒன்று கவனிக்கத்தக்கது. உதிரிபாகம் கிடைக்காத நாட்டில், கிடைத்த காரை வைத்துப் பிழைக்கப் பழகிய மெக்கானிக்குகளின் தலைமுறை ஒன்று சென்னையிலும் கோவையிலும் உருவாயிற்று. உடைந்த பாகத்தைப் பார்த்து லேத்தில் கடைந்தெடுப்பவர்க்கு, இருக்கையின் தண்டவாளத்தை நான்கு அங்குலம் பின்னால் தள்ளி வெல்டு வைப்பது பெரிய வேலையல்ல.

சோழவரம்

சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் அது வெறுமையாகக் கிடந்தது. 1953 இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இந்த ஓடுதளத்தைப் பந்தயக்களமாக்கியது. பின்வந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிப்ரவரி மாதத்தையொட்டி நடந்த சோழவரம் பந்தயங்கள் சென்னையின் பெரிய கேளிக்கைகளில் ஒன்றாக இருந்தன. பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஓட்டுநர்கள் வந்தனர்; இலங்கையிலிருந்தும் வந்தனர். 1980களில் விஜய் மல்லையா என்சைன் நிறுவனத்தின் ஃபார்முலா 1 காரை இங்கே ஓட்டினார். அதுவும் ஐரோப்பாவில் பந்தய வாழ்வு முடிந்து கைமாறி வந்த பழைய கார்தான்.

பணக்காரர்களின் இத்தகைய கார்கள் பேசப்பட்டாலும், களத்தை நிறைத்தவை ஃபியட்களும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் அவற்றின் மேற்பகுதியைக் கழற்றிவிட்டு உருவாக்கப்பட்ட "ஸ்பெஷல்" எனப்படும் சொந்தத் தயாரிப்புகளுமே ஆகும். ஸ்பெஷல் காரில் ஓட்டுநரே தன் அளவுக்கு உட்காருமிடத்தை அமைத்துக்கொள்வார். காரின் எலும்புக்கூடு, அதன்மேல் இருக்கை, அதைச் சுற்றித் தகடு என்ற வரிசையில் வேலை நடக்கும். கடையில் வாங்கும் காரில் தகடு முதலில், ஓட்டுநர் கடைசியில். உயரமானவருக்கு இந்தியாவின் தடைக்காலம் தந்த ஒரே நன்மை இதுவாக இருக்கலாம்.

ஹெரால்டும் அதன் உறவும்

1948 இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர் அருகே அமைந்தது. 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. இது பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், 948 சி.சி. எஞ்சின், இரண்டு கதவுகள், 1968 முதல் நான்கு கதவுகள். 1971 வரை தயாரிப்பு நீடித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மைக்கெலாட்டி வரைந்த இதன் உருவம் அக்காலத் தமிழ்ச் சினிமாவில் இளம் நாயகர்களின் கையில் அடிக்கடி காணப்பட்டது.

ஹெரால்டின் சிறப்பு அதன் தனிச் சட்டகம். அக்காலத்தில் பெரும்பாலான சிறிய கார்கள் உடலும் சட்டகமும் ஒன்றாக வார்க்கப்பட்டவையாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டிலோ சட்டகம் தனி, உடல் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் மேற்பகுதி தனியே வந்துவிடும். பிரிட்டனில் டிரையம்ஃப் நிறுவனமே இதைப் பயன்படுத்திக்கொண்டது. சட்டகத்தைச் சுருக்கி, சக்கரங்களின் இடைவெளியை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைத்து, 1147 சி.சி. எஞ்சினுடன் 1962 இல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் காரை வெளியிட்டது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் விற்பனையாயின. அவற்றில் ஒன்றுகூட வண்டலூரில் தயாராகவில்லை. சென்னைக்காரர்கள் ஹெரால்டை அறுத்துத் தாமே ஸ்பெஷல்களைச் செய்துகொண்டனர்.

இவ்விரு கார்களையும் ஒப்பிட்டால் உயரத்தின் பிரச்சினை கண்ணெதிரே தெரியும். ஹெரால்டின் ஓட்டுநர் இருக்கையை 72 நிலைகளில் அமைக்கலாம் என்று பிரிட்டிஷ் விளம்பரங்கள் பெருமை பேசின. ஸ்டீயரிங் தண்டையும் ஒரு பிடியைத் தளர்த்தி முன்பின் நகர்த்தலாம். அதே சட்டகத்தின் எட்டரை அங்குலத்தை வெட்டியெடுத்த ஸ்பிட்ஃபயரில் பின்சுவர் முன்னே வந்துவிட்டது. உடன்பிறந்த இரு கார்களில் ஒன்று ஆறடி இரண்டங்குல மனிதரை ஏற்கும், மற்றது அவரை முழங்காலை அகற்றி உட்கார வைக்கும்.

கரிவரதன்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஓட்டுநராகவும் கார் கட்டுபவராகவும் சோழவரத்தின் கடைசிக் கட்டத்தை வடிவமைத்தவர். பெங்களூரின் சிப்பானி நிறுவனம் 1982 முதல் தயாரித்த டால்ஃபின் என்ற சிறிய காரை அவர் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றினார். இது பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரின் இந்திய வடிவம், 848 சி.சி.; உடல் ஃபைபர் கிளாஸ். குடும்பக் காராக டால்ஃபின் தோற்றது. எடை குறைவு என்பதால் பந்தயத்தில் வென்றது. சாலையில் விலைபோகாத கார் களத்தில் உயிர்பெறுவது இந்திய மோட்டார் வரலாற்றில் அடிக்கடி காணப்படும் வேடிக்கை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் அதன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் ஆயிற்று. கரிவரதன் அதைப் பின்னால் பொருத்தி, ஒருவர் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பரவலாக அழைக்கப்பட்ட இக்கார்கள் பல கைகள் மாறி, பல ஆண்டுகள் ஓடின. ஒரு புதியவர் பந்தயத்தில் நுழைய இன்னொருவர் ஓட்டிய பழைய ஃபார்முலா மாருதியே வாசலாக இருந்தது. 2005 இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும், 2010 இல் அவரைப் பின்தொடர்ந்த கருண் சந்தோக்கும் இவ்வகைக் கார்களில் தொடங்கியவர்களே. கருணின் தாத்தா இந்து சந்தோக் சோழவரத்தில் ஓட்டியவர்.

கரிவரதன் 1995 இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயக்களம் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது.

இருங்காட்டுக்கோட்டையின் இரு கார்கள்

சோழவரம் ஓடுதளம் நிரந்தரக் களம் அல்ல. ஆண்டுதோறும் வேலி கட்டி, வைக்கோல் கட்டு அடுக்கி, பின் பிரிக்க வேண்டும். 1990 இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொந்தக் களம் தொடங்கியது. இதன் சுற்று 3.7 கி.மீ.

அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை அமைந்து, 1998 இல் சான்ட்ரோ வெளிவந்தது. அக்காலத்தில் அதன் உருவத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. "டால் பாய்" வடிவம் என்று நிறுவனமே விளம்பரப்படுத்தியது. காரின் நீளத்தைக் கூட்டாமல் கூரையை உயர்த்தி, ஓட்டுநரை நிமிர்த்தி உட்கார வைப்பதே அதன் உத்தி. ஆறடி மனிதர் தொப்பியோடு ஏறலாம். சாலைக்கு அந்தப் பக்கம் பந்தயக்களத்தில், அதே உயரமுள்ளவர் ஃபார்முலா மாருதியின் குழிக்குள் தோள்களை ஒடுக்கி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரே ஊரில் சிறிய கார் என்ற சொல்லுக்கு இரு எதிர்ப் பொருள்கள்.

தலை எங்கே இருக்கிறது

இதுவரை சொன்னது சௌகரியத்தைப் பற்றியதாகத் தோன்றலாம். ஆனால் பந்தயக் கார்களில் இக்கேள்வி உயிரோடு தொடர்புடையது. திறந்த கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காப்பது பின்னால் உள்ள இரும்பு வளைவு. வளைவின் உச்சியிலிருந்து காரின் முன்பக்க வலுவான பகுதிக்கு ஒரு நேர்க்கோல் வைத்தால் ஹெல்மெட் அந்தக் கோலுக்குச் சுமார் 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது பந்தய அமைப்புகளின் வழக்கமான சோதனை. துடைப்பக் கட்டையை வைத்தே இதைச் செய்துவிடலாம். உயரமானவர் சராசரி ஓட்டுநருக்காகக் கட்டிய பழைய காரில் உட்கார்ந்தால் பல சமயம் முதலில் தோற்பது இந்தச் சோதனைதான்.

உலகளவில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்கர் டான் கர்னி. உயரம் சுமார் 193 செ.மீ. ஃபோர்டின் ஜி.டி.40 என்ற பெயரே அது தரையிலிருந்து 40 அங்குலம்தான் என்பதால் வந்தது. கர்னியின் ஹெல்மெட்டுக்கு அதில் இடமில்லை. எனவே அவருக்காகக் கூரையில் தலைக்கு மேலாக ஒரு குமிழ் எழுப்பப்பட்டது. அந்தக் குமிழோடு கூடிய மார்க் 4 காரில் ஏ.ஜே. ஃபாய்ட்டுடன் சேர்ந்து 1967 லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை அவர் வென்றார். இன்று அந்த வகைக் குமிழே கர்னியின் பெயரால் அழைக்கப்படுகிறது.

அதே 193 செ.மீ. உயரமுள்ள பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜஸ்டின் வில்சனுக்கு அதிர்ஷ்டம் குறைவு. 2003 இல் ஃபார்முலா 1 இல் கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. மலேசியப் பந்தயத்தில் அது அவரது தோள் நரம்புகளை அழுத்தியதில் கைகள் தற்காலிகமாக உணர்விழந்து, பந்தயத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. காக்க வந்த கருவி, குறுகிய குழிக்குள் அடைபட்ட நீண்ட உடலைத் தாக்கியது.

எடையும் அநீதி செய்தது. உயரமானவர் எடை கூடியவராகவே இருப்பார் என்பதால் பல ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தனர். 2019 இல் ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு, ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் இருக்கையருகே எடை வைத்துச் சமன்செய்ய வேண்டும் என்ற விதி வந்தபின் அந்தக் கொடுமை பெருமளவு தணிந்தது.

தடைக்குப் பின்

தாராளமயமாக்கலுக்குப் பின் இந்தியாவிலேயே சாலைக்கான சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. 1998 இல் சான் மோட்டார்ஸ் வெளியிட்ட சான் ஸ்டார்ம் என்ற இக்கார் ஃபைபர் கிளாஸ் உடலும் ரெனோவின் 1149 சி.சி., 60 குதிரைத்திறன் எஞ்சினும் கொண்டது. விற்பனை சொற்பம். ஆனால் இன்று பழைய கார்ச் சந்தையில் அரிதாகத் தலைகாட்டும்போது ஆர்வலர்கள் அதைத் தேடிப் போகின்றனர்.

உலகில் இவ்வகையில் மிக அதிகம் விற்ற மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளியானது. அது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. உயரமானவர்கள் இந்தக் காரைப் பொருத்திக்கொள்ளும் முறை உலகெங்கும் ஒன்றே: இருக்கையின் உறையைக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சை ஓரிரு அங்குலம் சீவி எடுத்துவிட்டு மீண்டும் தைத்துவிடுவது. அதோடு சிறிய விட்டமுள்ள ஸ்டீயரிங்கும் மாட்டுவர். வெளிநாட்டில் பழைய எம்.எக்ஸ்-5 வாங்கி இங்கே கொண்டுவருவதும் இயலாது. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய, அது தயாராகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும் வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டதாகவும் இருந்து மும்பைத் துறைமுகம் வழியாக வர வேண்டும் என்பது அரசு விதி. மூன்றாண்டுகூட ஆகாத காருக்குரிய விலையும் அதன்மேல் வரியும் சேர்ந்தால் பழைய கார் என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும்.

எனவே இன்று தமிழகத்தில் பழைய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர் முன் இருப்பவை இங்கே புதிதாக விற்கப்பட்டுக் கைமாறியவை: ஆடி டி.டி., பி.எம்.டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., போர்ஷே பாக்ஸ்டர், கேமன். உயரமானவருக்கு இவற்றுள் பாக்ஸ்டரும் கேமனும் முதலில் உட்கார்ந்து பார்க்கத்தக்கவை. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால் கால்நீட்ட முன்னால் தாராளமாக இடம் உண்டு. மடங்கும் உலோகக் கூரை கொண்ட இசட்4, எஸ்.எல்.கே. போன்றவற்றில் கூரை திறந்திருக்கும்போது உட்கார்ந்து பார்த்துத் திருப்தியடைவது ஏமாற்றும். கூரையை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும்; தலை தப்புகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

திருவண்ணாமலைச் சாலைகளில்

திருவண்ணாமலை போன்ற ஊரில் இக்கார் வைத்திருப்பதன் கணக்கு வேறு. பதிவெண் டி.என். 25 இல் தொடங்கும் இவ்வூரில் ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் கடைத்தெரு கிடையாது. பழைய கார் சென்னையிலிருந்தோ, செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரிலிருந்தோ வர வேண்டும். கர்நாடகப் பதிவுள்ள கார் என்றால் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (படிவம் 28), உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, தமிழகத்தின் வாழ்நாள் வரி ஆகியவை சேரும். விலை மலிவு என்று பெங்களூருக்குப் போனவர் பலர் வரியைக் கட்டியபின் கணக்கைத் திருத்திப் போட்டிருக்கின்றனர்.

ஊருக்குள் வந்தபின் முதல் எதிரி வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். தெருக்களில் காணப்படும் பலவும் அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் எட்டிவிடுகின்றன. அடிப்பாகம் தரையிலிருந்து 11, 12 செ.மீ. மட்டுமே உள்ள கார் அதன்மேல் வயிற்றை உரசாமல் போகாது. உயரமானவருக்கு இங்கே கூடுதல் தண்டனை. வளைவில் பயனுள்ள இறுக்கமான ஸ்பிரிங் மேட்டில் அவரைத் தூக்கிப் போடும்போது, கூரைக்கும் தலைக்கும் இடையே வாங்கும் நாளில் இருந்த இரண்டு விரல் இடைவெளி காணாமல் போய்விடும்.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளும் காலாற நடப்போருக்கானவை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் மகாரதம் இவ்வீதிகளில் நகரும்போது மனிதரும் வாகனமும் ஒருசேரக் குறுகிவிடுகின்றனர். பௌர்ணமி நாட்களிலும் தீபத்தன்றும் வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகின்றன. ஆகவே இவ்வூரில் இத்தகைய காருக்கு உண்மையான பயன் ஊருக்கு வெளியே, செஞ்சிச் சாலையிலும் செங்கம் சாலையிலும்தான்.

வாங்குபவர் சோதிக்க வேண்டியவற்றில் உயரமானவருக்கே உரியவை சில உண்டு. இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளிக் கிளச்சை அடிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதித்த காலைத் திரும்ப எடுக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கைத் தொடுகிறதா என்பதே முக்கியம். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் இடையே ஷூ சிக்கக்கூடாது. சிக்னல் விளக்கு கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே மறைகிறதா என்று ஊர் முனையில் ஒரு சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிடலாம். முந்தைய உரிமையாளர் இருக்கையைத் தாழ்த்தியிருந்தால் தரையடியில் குனிந்து வெல்டுகளைப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டின் பிடிப்பு இருக்கும் அதே தகட்டில் அரைகுறை வெல்டு இருந்தால், அது விபத்தில் முதலில் பிய்ந்து வரும். தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து காரை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பஞ்சைச் சீவுவது தையற்காரர் வேலை. சட்டகத்தையும் தரைத்தகட்டையும் வெட்டுவது அப்படியல்ல. சோழவரம் காலத்துப் பட்டறைகள் தயங்காமல் செய்த பலவற்றை இன்று சாலையில் ஓடும் காரில் செய்ய முடியாது.

கார் நின்றபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது போதாது. முழங்காலும் இடுப்பும் அரைமணிக்குப் பிறகே முறையிடத் தொடங்கும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி சுமார் 40 கி.மீ.; போய்த் திரும்பினால் 80. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.